திறன் வேறு, ஆற்றல் வேறு

சொல்லாராய்ச்சி என்றவுடன் நம் ஆசிரியர் பலர்க்குச் சங்கச் செய்யுளும் நிகண்டும் கல்வெட்டுமே நினைவுக்கு வருகின்றன. பழஞ்சொல்லின் வேர் தேடுவது நற்பணியே. அதனைக் குறைகூற யான் துணியேன். ஆயின், நேற்றுப் பிறந்து இன்று நம் இல்லத்து மின்கட்டணச் சீட்டுவரை வந்து புகுந்துவிட்ட சொற்களை எடுத்துவைத்து, இவை எப்பொருளைக் காட்டுகின்றன, எப்பொருளை மறைக்கின்றன என்று பார்ப்பார் மிகச் சிலர். நம் நாட்டு மின்சாரம் நிலக்கரியை விட்டுச் சூரியனையும் நீரையும் நாடுவது பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றைச் சில காலமாகத் தொடர்ந்து படித்து வருகின்றேன். அத்தமிழைப் பற்றியதே இத்திறனாய்வு. திட்டம் வேண்டுமா, வேண்டாவா என்னும் வழக்கில் யான் வேண்டும் என்னும் பக்கத்தவன் என்பதை முன்னரே கூறிவிடுதல் நலம்.

2023ஆம் ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரு பகுதிகளாக மலேசிய அரசாங்கம் ஒரு பெருந்திட்டத்தை வெளியிட்டது. 'ஹாலா துஜு பெராலிஹான் தெனாகா நெகாரா' என்பது அதன் மலாய்ப் பெயர்; தேசிய ஆற்றல் மாற்றத்துக்கான வழிகாட்டித் திட்டம் என்று தமிழில் கூறலாம். அதில் பலர் வாயிலும் பயிலும் எண் ஒன்றுண்டு. 2050இல் 70 விழுக்காடு என்பதே அது. இவ்வெண்ணைப் பற்றி எம் பள்ளி மாணவர் எழுதிய கட்டுரைகளைத் திருத்தியபோது, ஏறக்குறைய எல்லாரும் ஒரே தொடரை எழுதியிருக்கக் கண்டேன்: 2050இல் நாட்டின் மின்சாரத்தில் 70 விழுக்காடு சூரியன் முதலியவற்றிலிருந்து கிடைக்கும். பிள்ளைகள்மேல் பிழையில்லை. பெரியோர் எழுதிய தமிழில் அவ்வாறுதான் உள்ளது. அத்தொடரில் எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை. பொருளோ முற்றும் பிழை.

அந்த எழுபது, மின்சாரத்தின் எழுபது அன்று. மின்சாரம் செய்யும் பொறிகளின் எழுபது. மலாய் மூலத்தில் 'கப்பாசித்தி' என்ற சொல் தவறாமல் நிற்கிறது. தமிழுக்கு வரும் வழியில் அஃது எங்கோ உதிர்ந்துவிடுகிறது.

இரண்டுக்கும் வேறுபாடு யாது என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகட்கு விளக்குவது கடினமன்று. மாலை ஆறரை மணிக்கு எஞ்சினை ஓட்டி, இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடும் லயங்களில் வளர்ந்தவர் நம்மில் பலர் உளர். எஞ்சின் கொட்டகையில் நிற்கும் எஞ்சினின் உடம்பில் ஒரு தகடு அறையப்பட்டிருக்கும். இத்தனை கிலோவாட் என்று அதில் பொறித்திருப்பார்கள். அது திறன். எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தகட்டில் உள்ள எண் மாறாது. அது மூன்றரை மணி நேரம் ஓடி, லயத்து விளக்குகளுக்கு உண்மையாகத் தந்தது எவ்வளவோ அது ஆற்றல். பத்து மணிக்குமேல் தேர்வுக்குப் படித்தவன் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினான். அவனிடம் சென்று, 'தம்பி, நம் தோட்டத்தில் இருபது கிலோவாட் இருக்கிறது' என்றால் அவன் என்ன சொல்லியிருப்பான்?

பால்மரக் காட்டிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். நிரையில் எத்தனை மரத்துக்கு மங்கு மாட்டியிருக்கிறது என்பது ஒரு கணக்கு. ஸ்டோரில் எத்தனை வாளி பால் நிறுக்கப்பட்டது என்பது மற்றொரு கணக்கு. மழை பெய்த நாளில் மங்கு அப்படியே இருக்கும், பால் இராது. கங்காணியார் முதற்கணக்கைக் காட்டிச் சம்பளம் போட்டதாக யாரும் கேட்டதில்லை.

இனி எண்களைப் பார்ப்போம். ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். ஒரு மெகாவாட் திறனுள்ள நிலக்கரி நிலையம், பத்தில் ஏழு பங்கு நேரம் முழு அளவில் ஓடியதாகக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 61 இலட்சம் யூனிட் தரும். அதே ஒரு மெகாவாட் திறனுள்ள சூரியத் தகடுகள், இரவும் மேகமும் பிற்பகல் மழையும் உடைய நம் வானத்தின்கீழ், ஏறத்தாழ 13 இலட்சம் யூனிட் தரும். ஆகவே ஒரு மெகாவாட் நிலக்கரியின் இடத்தை நிரப்ப நான்கு, ஐந்து மெகாவாட் சூரியத் தகடு வேண்டியுள்ளது. கணக்குக்காக ஒரு நாட்டைக் கற்பனை செய்க. அந்நாட்டில் 100 மெகாவாட் பொறிகள் உள்ளன. 70 சூரியன், 30 எரிவாயு. சூரியத் தகடுகள் தம் திறனில் நூற்றுக்கு 15 பங்கும், எரிவாயு நிலையம் நூற்றுக்கு 60 பங்கும் உழைப்பதாகக் கொள்வோம். எழுபதிலிருந்து வருவது பத்தரைப் பங்கு. முப்பதிலிருந்து வருவது பதினெட்டுப் பங்கு. அதாவது, திறனில் 70 விழுக்காடாக நின்ற சூரியன், வீட்டுக்கு வந்த மின்சாரத்தில் 37 விழுக்காடுதான். நம் நாட்டின் திட்டத்தில் நீர்மின்சாரமும் சேர்வதால் கணக்கு இதனினும் சற்று மேம்படும். ஆயினும் எழுபது எழுபதாகவே வீடு வந்து சேராது என்பது தெளிவு. அதே திட்ட நூலில், மின்சாரம் மட்டுமன்றி வண்டி, ஆலை முதலிய எல்லாவற்றுக்கும் நாடு பயன்படுத்தும் மொத்த ஆற்றலின் கணக்கும் உள்ளது. அங்கே 2050இலும் பாதிக்கு மேற்பட்ட பங்கு எரிவாயுவுக்கு. புதுப்பிக்கத்தக்கன எல்லாம் சேர்ந்து நான்கில் ஒரு பங்குக்கும் குறைவே. நூல் இதனை ஒளிக்கவில்லை. வெளிப்படையாகவே அச்சிட்டிருக்கிறது. நம் தமிழில்தான் இவ்வெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை.

இஃது ஏதோ பொறியாளர்க்குரிய நுணுக்கம், நமக்கென்ன என்று கேட்பார் இருக்கக்கூடும். கட்டணச் சீட்டை எடுத்துப் பார்க்கட்டும். அதில் 'கே.டபள்யூ.டி.பி.பி.' என்று ஒரு வரி உண்டு. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிதிக்கு வாங்கும் தொகை அது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி 1 விழுக்காடாகத் தொடங்கி, 2014 முதல் 1.6 விழுக்காடாயிற்று. மாதம் 300 யூனிட்டுக்கு உட்பட்டுச் செலவிட்ட இல்லங்கட்கு விலக்களித்து, மிஞ்சியவரிடம் வாங்கினர். அந்தத் தொகை எதன்மேல் கணக்கிடப்படுகிறது? நாம் செலவிட்ட யூனிட்டின் விலைமேல், அதாவது ஆற்றலின்மேல். நம்மிடம் வாங்குவது ஆற்றல் கணக்கில்; நமக்கு வாக்களிப்பது திறன் கணக்கில். வாக்களித்தது நிறைவேறிற்றா என்று 2050இல் கேட்கப்போகிறவர் இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள். எதைக் கேட்பது என்று தெரியாதவனாக அவனை அனுப்புவது ஆசிரியர்க்கு அழகன்று.

தமிழில் சொல் இல்லையோ என்றால், உண்டு. தமிழ்நாட்டு எரிசக்தித் துறையின் ஏடுகளில் 'நிறுவுதிறன்' என்ற சொல் ஆளப்படுகிறது. நல்ல சொல், நிறுவிய பொறியின் திறன் என்று தானே பொருள் விரியும். அங்கே இச்சொல்லின் தேவையும் பெரிது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதிகளிலும் பிறவிடங்களிலுமாக அம்மாநிலத்துக் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்டது. ஆயின் மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றே அவற்றுக்கு வாழ்வு. தைமாதத்தில் அதே காற்றாலைகள் பெரும்பாலும் சும்மா நிற்கும். நிறுவுதிறன் மட்டும் ஓர் எண்ணும் குறையாது. கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய நிலையத்தையும் இவ்வாறே படிக்க வேண்டும்.

நம் நாட்டிலோ குழப்பம் இன்னும் ஒருபடி மேலே நிற்கிறது. பள்ளி அறிவியல் நூல்களில் 'சக்தி' என்று கற்பிக்கின்றோம். செய்தியில் 'ஆற்றல்' என்று வருகிறது. தமிழகத்து ஏட்டைப் புரட்டினால் 'எரிசக்தி' என்று உள்ளது. மூன்றும் ஒன்றா, வேறா என்று கேட்ட மாணவனுக்கு எந்த நூலும் விடை கூறுவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் விசை, திறன், ஆற்றல் என மூன்றையும் வரையறுத்துப் பிரித்து ஆள்கின்றன. அப்பிரிவை நாமும் மேற்கொண்டால் யாதும் கெட்டுவிடாது. 'எரிசக்தி' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எரிவதால் வரும் சக்தி எரிசக்தி. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் பொருந்தும். காற்றாலையில் எரிவது யாது? 'பசுமை எரிசக்தி' என்னும் தொடரைக் காணும்போதெல்லாம் பச்சை விறகை அடுப்பில் வைத்து ஊதும் பாட்டியின் கண்ணே எனக்கு நினைவுக்கு வருகிறது.

நிற்க. 'புதுப்பிக்கத்தக்க' என்னும் சொல்லுக்கு வருவோம். எம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி, 'சூரியனை யார் ஐயா புதுப்பிப்பார்?' என்று கேட்டாள். அவள் அறிந்த புதுப்பித்தல், அப்பா மோட்டார் சைக்கிளுக்குச் சாலைவரி கட்டுவதும், அண்ணன் உரிமத்தைப் புதுப்பிப்பதும். புதுப்பித்தற்கு ஒருவன் வேண்டும், ஒரு முகப்பு வேண்டும், கட்டணம் வேண்டும். சூரியன் அவ்வாறு வருவதில்லையே! தானே மீள்வதை, பிறர் செய்யும் வினைபோலக் கூறுவது சொல்லமைப்பிலுள்ள குறை. 'மீளும் ஆற்றல்' என்றால் சிறுமிக்கு உடனே விளங்கியது. எனினும் இதனை யான் பெரிது படுத்தமாட்டேன். வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்கி நடுவதால் வரும் தொல்லை, நன்மையினும் மிகுதி. புதுப்பிக்கத்தக்க என்றே இருக்கட்டும். அச்சொல்லுக்குள் எதையெல்லாம் போட்டு அடைக்கிறார்கள் என்பதே பெரிய வினா.

2018இல் அரசாங்கம் ஓர் இலக்குக் கூறியது. 2025க்குள் 20 விழுக்காடு என்பது அது. 100 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரிய நீர்மின் நிலையங்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2021இல் வந்த புதிய இலக்கு, அதே 2025க்குள் 31 விழுக்காடு. படிப்பவர், மூன்றே ஆண்டில் துணிவு இவ்வளவு வளர்ந்ததே என்று மகிழ்வர். ஆயின் இரண்டாவது கணக்கில் பெரிய அணைகளும் சேர்ந்துவிட்டன. சொல் ஒன்றே, அதன் எல்லை மாறிவிட்டது. பெரிய அணையும் நீரால் ஓடுவதே, ஆகவே அதனைச் சேர்ப்பது முறையே என்று வாதிடலாம். உலக நாடுகள் பலவும் அவ்வாறே கணக்கிடுகின்றன. யான் கேட்பது, எல்லை மாறியதைச் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லுங்கள் என்பதுதான். சரவாக்கின் பாக்குன் அணை ஒன்றே 2,400 மெகாவாட். அதன் நீர்த்தேக்கம் ஏறத்தாழ சிங்கப்பூரின் பரப்பளவு. அதற்காகச் சுமார் 10,000 ஓராங் உலு மக்கள் தம் ஆற்றங்கரையை விட்டுச் சுங்கை அசாப்புக்குப் பெயர்க்கப்பட்டனர். ஆறு மீளும், அவர் ஊர் மீளவில்லை. அந்த அணையும், ஓட்டுக்கூரைமேல் வைத்த நான்கு தகடும் ஒரே சொல்லுக்குள் அருகருகே அமர்ந்திருக்கின்றன என்பதை மாணவன் அறிதல் வேண்டும்.

'மரபுசாரா ஆற்றல்' என்று ஒரு தொடர் முன்னர்ப் பெருவழக்காக இருந்தது; இன்னும் சில நூல்களில் உள்ளது. இந்திய நடுவண் அரசிலேயே 1992இல் அப்பெயரால் ஓர் அமைச்சு அமைந்து, 2006இல் புதிய, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சு எனப் பெயர் மாற்றிக்கொண்டது. இத்தொடரின்படி நிலக்கரியே மரபு; நீரும் காற்றும் மரபுக்குப் புறம்பானவை. நம் சிலாங்கூர் வடபகுதியின் வரலாற்றை வைத்தே இது பொருந்துமா என்று பார்க்கலாம்.

மலாயாவில் மின்சாரம் முதன்முதல் வந்தது ரவாங்கில் என்பர். 1894ஆம் ஆண்டளவில் லோக் இயூவும் நம் கா. தம்புசாமிப் பிள்ளையும் தம் ஈயச் சுரங்க வேலைக்காக மின்னாக்கி ஒன்றை அங்கே நிறுவினர். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலோடும் பத்துமலையோடும் மட்டுமே நாம் இணைத்து நினைக்கும் அப்பெருமகன் பெயர், இந்நாட்டு மின்சார வரலாற்றின் முதல் வரியிலும் இருக்கிறது. இதனை எந்தத் தமிழ்ப்பள்ளிச் சுவரிலாவது எழுதியிருக்கிறோமா? அடுத்து 1900இல் ரவூப் தங்கச் சுரங்கத்துக்காகச் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் எழுந்தது. ரவாங்குக்கு அண்மையிலுள்ள பத்து ஆராங்கில் 1915 முதல் நிலக்கரி வெட்டினர். 1960இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. கல், கரி என்னும் இரு சொல்லின் சேர்க்கையே அவ்வூரின் மலாய்ப் பெயர். நீர்மின்சாரம் முந்தியது, பத்து ஆராங் நிலக்கரி பிந்தியது, அந்த நிலக்கரி முடிந்தும் போயிற்று.

செம்பனைக் கதையும் அத்தகையதே. இந்நாட்டில் செம்பனையை வாணிகப் பயிராக முதலில் நட்டது 1917இல், கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுத் துரை; பின்னர் மலாயா வாழ்வைப் புதினமாக எழுதி 1930இல் கோங்கூர் பரிசு பெற்றவர். செம்பனை ஆலைகள் பழம் பிழிந்தபின் எஞ்சிய நாரையும் ஓட்டையும் தம் கொதிகலனில் இட்டே நீராவியும் மின்சாரமும் செய்துகொள்கின்றன. உயிர்ப்பொருள் எரிபொருள் என்று இன்று மேடையில் பேசப்படுவதை, ஆலையில் தீத்தள்ளிய தொழிலாளி பெயர் தெரியாமலே வாழ்நாளெல்லாம் செய்தான். அவன் செய்ததை மரபுசாராதது என்று எழுதுவது, அவனை வரலாற்றினின்று ஒருமுறை கூடத் துடைத்துவிடுவதாகும். உலுசிலாங்கூரின் புக்கிட் தாகாரில் 2005 முதல் குப்பை நிரப்பி, அதில் எழும் வாயுவையும் மின்சாரமாக்குகின்றனர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லிவைக்கலாம்.

கடைசியாக ஒரு சொல். 'லோ கார்பன்' என்பதைத் தமிழில் ஒருவர் 'குறைந்த கார்பன் மின்சாரம்' என்பர். ஒருவர் 'தூய மின்சாரம்' என்பர். ஒருவர் 'மாசற்ற மின்சாரம்' என்பர். மூன்றையும் ஒரே கட்டுரையில் மாற்றி மாற்றி எழுதி நடையை அழகுபடுத்துவாரும் உளர். ஒரு சொல் வந்த இடத்தில் மீண்டும் அதே சொல் வரலாகாது என்று நாமே பயிற்சிக் கல்லூரியில் கற்றுக்கொடுத்ததன் பயன் இது! கவிதைக்கு அவ்விதி பொருந்தலாம், கணக்குக்குப் பொருந்தாது. குறைந்தது என்பதும் அற்றது என்பதும் ஒன்றல்ல.

காப்பாரை எடுத்துக்கொள்வோம். கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் வரும் சாலையில் வருவார் யாவரும் அந்தப் புகைபோக்கிகளை அறிவர். சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் பெயரால் வழங்கும் அந்நிலையம் 1980களில் தொடங்கிப் படிப்படியாக 2,420 மெகாவாட் நிறுவுதிறனுக்கு வளர்ந்தது. அதன் பெரும்பகுதி நிலக்கரி. அதுவும் கப்பலேறி வருவது. நாடு பயன்படுத்தும் நிலக்கரியில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. அந்நிலையத்தின் மின்சாரக் கொள்முதல் ஒப்பந்தம் 2029இல் முடிவுறுவது. 2044க்குள் நிலக்கரியை முற்றும் விட்டுவிடுவது அரசாங்கம் அறிவித்த கொள்கை. காப்பாரில் நிலக்கரியின் இடத்துக்கு எரிவாயு நிலையம் ஒன்றைக் கொணரும் திட்டமும் பேசப்பட்டுள்ளது. எரிவாயு எரிந்தால், ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி வெளிவிடும் கரிவளியில் ஏறத்தாழ பாதியை வெளிவிடும். சாம்பலும் கந்தகப் புகையும் மிகக் குறையும். ஜெராம், காப்பார் மக்களின் மூச்சுக்கு இது பெரும்பேறு. ஆகவே 'கரி குறைந்த மின்சாரம்' என்றால் உண்மை. 'மாசற்ற மின்சாரம்' என்றால் பாதி கரிவளியைப் பேனாவாலேயே அழித்துவிட்டோம். எரிவாயு குழாயில் கசிந்தால் அதன் தீங்கு கரிவளியினும் பன்மடங்கு என்பதும் அச்சொல்லில் மறைந்துபோகும்.

இத்தனை நுணுக்கமும் பார்த்தால் செய்தி எழுத நேரமேது என்று நண்பர் ஒருவர் கேட்டார். நள்ளிரவில் மொழிபெயர்த்து விடியுமுன் அச்சேற்றுவார் படும் பாடு யான் அறியாததன்று. அவர்மேல் பழி சுமத்தவும் இதனை எழுதவில்லை. நம் கையில் இருப்பது வகுப்பறை. அங்கே நேரம் உண்டு. கட்டணச் சீட்டு ஒன்றை ஒவ்வொரு மாணவனையும் கொண்டுவரச் சொல்லி, யூனிட் என்று உள்ள இடத்தில் ஆற்றல் என்றும், வீட்டு வாசலில் உள்ள மின்மானிக்கு மேல் கம்பத்தில் தொங்கும் பெட்டியில் கே.வி.ஏ. என்று பொறித்திருந்தால் அதனருகே திறன் என்றும் எழுதச் சொன்னால் அரைமணியில் முடிந்துவிடும். எம் பள்ளியில் அவ்வாறு செய்தபின், முன் கூறிய தொடரை மாணவர்களே திருத்தினர். ஒருவன் எழுதியது இது: '2050இல் நாட்டில் நிறுவப்பட்டிருக்கும் மின்பொறிகளின் திறனில் 70 விழுக்காடு, பெரிய அணைகளையும் சேர்த்து, புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு, அவற்றிலிருந்து வரும் மின்சாரம் இதனினும் குறைந்த பங்காக இருக்கும்.' பழைய தொடரைவிட இரு மடங்கு நீளம்தான். தேர்வில் சொல்லெல்லை மீறிற்று என்று இரண்டு மதிப்பெண் குறையவும் கூடும். யான் குறைக்கவில்லை.